சுளை எத்தனை, சடை எத்தனை

சோளக்காட்டு சந்தையில் ஒழுங்காகப் பலாப்பழம் வாங்க எனக்கு ஆறு வருஷம் பிடித்தது. கொல்லிமலைக்கு வாத்தியாராக வந்த புதிதில் எனக்குத் தெரிந்தது ஒரே வித்தைதான். இருப்பதிலேயே பெரிசைப் பார்த்து இரண்டு கையாலும் தூக்கிப் பார்ப்பேன். கனமாக இருந்தால் நல்ல பழம். வீட்டுக்கு வந்து கையில் எண்ணெய் தடவிக்கொண்டு அரிந்தால் பாதிக்கு மேல் சடை. சுளையைத் தேடித்தான் எடுக்க வேண்டும். ஒரு நாள் பழம் விற்கிற பாட்டி பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டார்: "டீச்சரம்மா, தூக்கிப் பாக்காதீங்க. கனம் எதுல இருக்குன்னு தூக்குனா தெரியுமா? தட்டிப் பாருங்க."

இந்த வருஷம் எங்கள் பள்ளியில் படித்த பெண் ஒருத்திக்குக் குழந்தை பிறந்ததிலிருந்து அந்தப் பாட்டியின் பேச்சு அடிக்கடி ஞாபகம் வருகிறது. இந்தப் பதிவில் பேர் போட வேண்டாம் என்று அவள் கேட்டுக்கொண்டாள். எட்டாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஜன்னல் வழியாக மலையையே பார்த்துக்கொண்டிருப்பாள். அதனால் இங்கே அவள் பெயர் கடைசி பெஞ்ச்.

ஒல்லி. அப்போதும் ஒல்லி, இப்போது இருபத்திரண்டு வயதிலும் ஒல்லி. கைக்குழந்தையாக இருந்தபோது உள்ளங்கைக்குள் அடங்குவாள், பிழைக்காது என்றே நினைத்தோம் என்று அவளுடைய அம்மாயி இன்றைக்கும் சொல்கிறார். கல்யாணமாகி வளப்பூர்நாட்டுப் பக்கம் போய்விட்டாள். ஜூன் மாதம் போன் செய்தாள். "டீச்சர், ஆறு மாசம். நர்ஸம்மா குளுக்கோஸ் தண்ணி குடிக்க வரச் சொல்லுது. அவரு கேரளாவுக்கு வேலைக்குப் போயிட்டாரு. நீங்க கூட வர்றீங்களா?"

போனேன். எனக்குப் போக வேண்டிய காரணம் ஒன்று இருந்தது. பிறகு சொல்கிறேன்.

*

அந்தத் தண்ணீரைக் குடித்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். 75 கிராம் குளுக்கோஸ், கிட்டத்தட்ட 300 மில்லி தண்ணீர், ஐந்து முதல் பத்து நிமிஷத்துக்குள் குடித்து முடிக்க வேண்டும். தொண்டையெல்லாம் பிசுபிசுக்கும். அரை மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்துவிட்டால் அன்றைய டெஸ்ட் அவ்வளவுதான், மறுநாள் மறுபடியும் முதலிலிருந்து. காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி வருகிற ஊர் இது. சும்மா வருகிறவர்களே பஸ் ஜன்னலை விட்டு நகர மாட்டார்கள். மலைக்கு மேலேயே ஊசியும் ரத்தப் பரிசோதனையும் கிடைப்பதால் கடைசி பெஞ்ச் தப்பித்தாள்.

இதில் ஒரு நல்ல விஷயம், வெறும் வயிற்றோடு வர வேண்டியதில்லை. காலையில் என்ன சாப்பிட்டிருந்தாலும் சரி, எப்போது சாப்பிட்டிருந்தாலும் சரி, வந்து குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் கொடுத்தால் போதும். 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை. முதல் முறை செக்கப்புக்கு வரும்போது ஒரு தடவை, அதில் இல்லையென்றால் 24 வாரத்துக்கும் 28 வாரத்துக்கும் நடுவில் இன்னொரு தடவை.

சின்ன வசதி போலத் தெரியும் இந்த விதிக்குப் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார். சென்னை மருத்துவக் கல்லூரியில் 1978ல் நீரிழிவுக்கென்று தனித் துறையைத் தொடங்கிய டாக்டர் வி. சேஷய்யா. வெறும் வயிற்றோடு வா என்று சொல்லி அனுப்பினால் கர்ப்பிணிகளில் பல பேர் திரும்பி வருவதில்லை என்ற நடைமுறைச் சிக்கலைப் பார்த்து, சாப்பிட்டிருந்தாலும் செய்யக்கூடிய ஒற்றைப் பரிசோதனைக்காக வாதாடியவர். 2007ல் தமிழ்நாடு அரசு எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இந்தப் பரிசோதனை என்று ஆணை போட்டது. பிறகு மத்திய அரசின் வழிகாட்டுதலிலும் அதே முறை இடம்பிடித்தது. அவருடைய பிறந்தநாளான மார்ச் 10 கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாளாகக் கொண்டாடப்படுகிறது. 2022ல் பத்மஸ்ரீயும் கிடைத்தது.

இந்த முறை கொஞ்சம் பேரைத் தவற விட்டுவிடுகிறது, வெறும் வயிற்றில் செய்வதுதான் சரி என்று வாதிடும் நிபுணர்கள் சென்னையிலேயே இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் மூன்று கிலோமீட்டர் ஒற்றையடிப் பாதையில் நடந்து வந்து, ஒரே மினி பஸ்ஸைப் பிடித்து வருகிற ஆறு மாதக் கர்ப்பிணியைச் சாப்பிடாமல் வா என்று சொல்கிறவர், ஒரு நாள் அவளோடு அந்தப் பாதையில் நடந்து பார்க்கட்டும் என்பது என் கட்சி.

"எங்க மலையில சுகரெல்லாம் யாருக்கும் வராது டீச்சர். அது கீழ்நாட்டுக்காரங்க வியாதி" என்றாள் கடைசி பெஞ்ச், டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு.

காத்திருந்த பெஞ்சில் எங்கள் பக்கத்தில் இன்னும் மூன்று பெண்கள். ஒருத்திக்கு ரத்தம் குறைவு என்று இரும்புச் சத்து மாத்திரை. இன்னொருத்திக்கு எடை ஏறவில்லை என்று திட்டு. மலையில் கர்ப்பிணி என்றால் காலங்காலமாக இந்த இரண்டு கவலைதான். சர்க்கரையை யாரும் கணக்கிலேயே எடுப்பதில்லை. சேஷய்யா குழுவினர் தமிழ்நாட்டில் நடத்தி 2008ல் வெளியிட்ட ஆய்வில், கர்ப்பகாலச் சர்க்கரை நகரத்தில் 17.8 சதவீதம், நகரத்தை ஒட்டிய ஊர்களில் 13.8, கிராமத்தில் 9.9. கிராமத்திலேயே பத்துக்கு ஒன்று. அந்தப் பெஞ்சில் நாலு பேர் இருந்தார்கள்.

இரண்டு மணி நேரம் கழித்து வந்த எண் 152.

*

"எனக்கா? நான் குண்டா கூட இல்லையே டீச்சர்!"

எட்டு வருஷம் பாடம் நடத்தியும் என்னிடம் ஒரு நல்ல கேள்வி கேட்காத பெண், அன்றைக்குக் கேட்டது அருமையான கேள்வி. அதற்குப் பதில் தேடித்தான் அன்று ராத்திரி உட்கார்ந்தேன். எங்கள் தெருவில் சிக்னல் கிடைக்கிற ஒரே இடமான மாட்டுக்கொட்டகை வாசலில்.

முதலில் அடிப்படை. தாயின் ரத்தத்தில் இருக்கிற சர்க்கரை நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகும். தாயின் இன்சுலின் தாண்டாது. கர்ப்பத்தின் பின்பாதியில் நஞ்சுக்கொடி சுரக்கிற ஹார்மோன்கள் தாயின் இன்சுலினை மந்தப்படுத்துகின்றன. குழந்தைக்குச் சோறு குறையக் கூடாதே என்று இயற்கை செய்துவைத்த ஏற்பாடு. பெரும்பாலான தாய்மார்களின் கணையம் கூடுதலாக இன்சுலின் சுரந்து ஈடுகட்டிவிடும். முடியாதவர்களுக்குச் சர்க்கரை ஏறும். அது அப்படியே உள்ளே பாயும். குழந்தையின் கணையம் என்ன செய்யும்? தன் பங்குக்கு இன்சுலினைக் கொட்டும். வயிற்றுக்குள் இருக்கிற குழந்தைக்கு இன்சுலின் என்பது வளர்ச்சி ஹார்மோன் மாதிரி. அதற்கு மிகவும் பிடித்த வேலை, வந்த சர்க்கரையைக் கொழுப்பாக்கிச் சேர்த்து வைப்பது. 1950களிலேயே டென்மார்க்கின் யோர்ன் பெடர்சன் சொன்ன விளக்கம் இது. இன்னும் அசையாமல் நிற்கிறது.

கொழுப்பு என்றதும் பதற வேண்டாம். பிறக்கிற குழந்தைக்குக் கொழுப்பு வேண்டும். மனிதக் குழந்தையைப் போலக் கொழுப்போடு பிறக்கிற உயிரினங்கள் ரொம்பக் குறைவு. உடம்பு குளிராமல் இருக்கவும், பசியெடுக்கும் பெரிய மூளைக்குத் தீனி போடவும் அந்தச் சேமிப்புதான். அது பெரும்பாலும் சேர்வது கடைசி மூன்று மாதத்தில். சர்க்கரையும் ஏறுவது அதே மாதங்களில்தான்.

இங்கேதான் பலாப்பழம் வருகிறது.

அமெரிக்காவின் க்ளீவ்லாந்தில் பாட்ரிக் கடலானோ என்ற மகப்பேறு மருத்துவர் 2003ல் ஒரு ஒப்பீட்டை வெளியிட்டார். கர்ப்பகாலச் சர்க்கரை இருந்த தாய்மாரின் 195 குழந்தைகள், இல்லாதவர்களின் 220 குழந்தைகள். பிறந்த மூன்று நாளுக்குள் எடை மட்டுமல்லாமல் உடம்பில் கொழுப்பு எவ்வளவு, மற்றது எவ்வளவு என்றும் அளந்தார்கள். எடையில் பெரிய வித்தியாசமே இல்லை. இரண்டு பக்கமும் சராசரி 3.3, 3.4 கிலோ. தராசில் போட்டால் யார் பிள்ளை எது என்று சொல்லவே முடியாது. ஆனால் கொழுப்பு, ஒரு பக்கம் 362 கிராம், சர்க்கரைத் தாய்மார் பக்கம் 436 கிராம். ஐந்தில் ஒரு பங்கு கூடுதல்.

அதே கனம், சடை மட்டும் அதிகம்.

இதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஏனென்றால் நம் ஊரில் குழந்தை பிறந்ததும் கேட்கிற முதல் கேள்வி ஆணா பெண்ணா, இரண்டாவது எத்தனை கிலோ. மூன்றாவது கேள்வி கிடையாது.

கொழுப்பை எப்படி அளப்பார்கள் என்று கேட்டான் என் பையன். எளிய வழி, இடுக்கி மாதிரி ஒரு கருவியால் தோளெலும்புக்குக் கீழேயும் மேற்கைக்குப் பின்னாலும் தோலைப் பிடித்துத் தடிமனைப் பார்ப்பது. வசதியான இடங்களில் முட்டை வடிவப் பெட்டிக்குள் குழந்தையைப் படுக்க வைத்து, அது எவ்வளவு காற்றை இடம்பெயர்க்கிறது என்று இரண்டு நிமிஷத்தில் கணக்கிட்டுவிடுகிறார்கள். ஆர்க்கிமிடீஸ் தொட்டியில் இறங்கிய கதைதான், தண்ணீருக்குப் பதில் காற்று. எலும்பும் தசையும் கொழுப்பைவிட அடர்த்தி அதிகம் என்பதால் எடையையும் பருமனையும் வைத்துப் பிரித்துவிடலாம். பத்தாம் வகுப்பு இயற்பியல். ("எங்க ஸ்கூல்ல அந்தப் பொட்டி வாங்கலாமா?" என்பது அவனுடைய அடுத்த கேள்வி.)

*

சரி, கடைசி பெஞ்ச் ஒல்லிதானே, அவளுக்கு ஏன்?

இதற்குப் பதில் புனேயில் இருக்கிறது. சித்தரஞ்சன் யாக்னிக் என்ற மருத்துவர் 1993 முதல் புனே பக்கத்து ஆறு கிராமங்களில் கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்து வந்தார். வயலில் உழைக்கிற மெலிந்த பெண்கள். சர்க்கரை நோயாளிகள் அல்ல. அங்கே பிறந்த 631 குழந்தைகளை இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் பிறந்த 338 வெள்ளைக்காரக் குழந்தைகளோடு ஒப்பிட்டார்கள். புனேக் குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, அங்கே 3.5 கிலோ. தலைச் சுற்றளவு, வயிறு, கைச் சதை எல்லாவற்றிலும் நம் குழந்தைகள் சின்னது. ஒன்றே ஒன்றில் மட்டும் அவ்வளவாக விட்டுக்கொடுக்கவில்லை: தோளெலும்புக்குக் கீழே தோலடிக் கொழுப்பு. தசையிலும் உள்ளுறுப்பிலும் சிக்கனம் பிடித்த உடம்பு, கொழுப்பை மட்டும் பத்திரப்படுத்திக்கொண்டு பிறக்கிறது. 2003ல் வெளியான அந்த ஆய்வு இப்படிப்பட்ட குழந்தைக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் வைத்தது. நம் வாயில் அது ஒல்லிக்குண்டு. 2009ல் லண்டனின் நீனா மோடி குழுவினர் ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோதும் நம் நாட்டுக் குழந்தைகளின் வயிற்றுப் பகுதியில் கொழுப்பு கூடுதலாகவே இருந்தது.

யாக்னிக்குக்கு ஒரு வேடிக்கையும் உண்டு. அவரும் லண்டன் பேராசிரியர் ஜான் யுட்கினும் 2004ல் லான்செட் இதழில் தங்கள் படத்தையே போட்டார்கள். இரண்டு பேருக்கும் உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு ஒரே 22.3. பார்த்தால் இரண்டு பேரும் ஒல்லி. உடம்பில் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2. தன் கொழுப்பை உலகப் பத்திரிகையில் போட்டுக்காட்ட ஒரு தைரியம் வேண்டும்!

கடைசி பெஞ்சுக்குத் திரும்புகிறேன். பசியில் வளர்ந்த ஒரு தாயின் வயிற்றில், உள்ளங்கைக்குள் அடங்கிய எடையில் பிறந்தவள் அவள். கணையமும் தசையும் சிக்கனமாகவே அமைந்திருக்கும். சர்க்கரையை உறிஞ்ச வேண்டிய தசையே குறைவு. கர்ப்பம் வந்து இன்சுலின் தேவை கூடும்போது அந்தச் சின்னக் கணையம் திணறுகிறது. இது அவளைப் பற்றி நான் போடுகிற கணக்கு, ரத்தத்தில் எழுதியிருக்கவில்லை. ஆனால் இந்த மலையில் இரண்டு தலைமுறைக்கு முந்தைய பட்டினியும் இன்றைய சர்க்கரையும் ஒரே கயிற்றின் இரண்டு முனை என்று எனக்குத் தோன்றுகிறது.

*

இப்போது என் கதை. சுருக்கமாகவே சொல்கிறேன், நீட்டிச் சொல்ல எனக்கே பிடிக்காது.

பத்து வருஷத்துக்கு முன்னால், கீழே ஒரு ஊரில், ஒரு தனியார் மருத்துவமனையில் என் பையன் பிறந்தான். மூணே முக்கால் கிலோவுக்கு மேல். தலை வெளியே வந்த பிறகு தோள் மாட்டிக்கொண்டது. சர்க்கரையால் சேருகிற கொழுப்பு தோளிலும் முதுகிலும்தான் அதிகம் சேருகிறது. தலைக்கும் தோளுக்கும் இருக்க வேண்டிய அளவு மாறிப்போகிறது. இது அன்றைக்குத் தெரியாது. காறை எலும்பில் விரிசலோடு வந்தான். அது தானாகவே கூடிவிட்டது. அரை மணி நேரத்தில் கை கால் நடுக்கம். குதிகாலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை தரைமட்டம். ஏன் என்று பிறகுதான் புரிந்தது: தொப்புள்கொடியை வெட்டியதும் என் சர்க்கரை நின்றுவிட்டது, அவன் கணையமோ பழைய பழக்கத்தில் இன்சுலினைக் கொட்டிக்கொண்டே இருந்தது.

எனக்கு நாலாம் மாசம் சர்க்கரை பார்த்தார்கள், சரியாக இருந்தது. ஆறாம் மாசம் யாரும் பார்க்கவில்லை, நானும் கேட்கவில்லை. வளைகாப்புக்கு வந்த அத்தனை பேரும் என் வயிற்றைப் பார்த்து, "நல்ல கொழுகொழுன்னு பொறக்கும்" என்றார்கள். பிறந்த பிறகும் அதையேதான் சொன்னார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குழாயோடு படுத்திருந்த பிள்ளையைப் பார்த்துக்கொண்டே!

அதனால்தான் கடைசி பெஞ்ச் கூப்பிட்டதும் போனேன்.

*

152 வந்த அன்றைக்கு நர்ஸம்மா பேசிய விதத்தை எழுதிவைக்க வேண்டும். பயமுறுத்தவில்லை. "இது சுகர் வியாதி இல்ல கண்ணு. இப்போதைக்கு வந்திருக்கிற விருந்தாளி. நாம சரியா கவனிக்கலைன்னா இங்கயே தங்கிடும்" என்றார். இரண்டு வாரம் சாப்பாட்டை மாற்றிப் பார்ப்பது, தினம் அரை மணி நேரம் நடப்பது. பிறகு சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் ரத்தம் பார்த்து 120க்குள் இருந்தால் அப்படியே தொடர்வது, இல்லையென்றால் மாத்திரையோ இன்சுலினோ.

நடக்கச் சொன்னதும் கடைசி பெஞ்ச் சிரித்துவிட்டாள். மிளகுக் கொடிக்கு ஏணி வைத்து ஏறுகிறவளிடம் நடக்கச் சொன்னால்?

சாப்பாடுதான் சிக்கல். காலையில் டீயோடு பன். மதியம் ரேஷன் அரிசிச் சோறு, மலையளவு. சாயங்காலம் அவித்த குச்சிக்கிழங்கு. ராத்திரி மறுபடி சோறு. வீட்டைச் சுற்றிப் பலாவும் அன்னாசியும் வாழையும் பழுத்துத் தொங்குகிற மாசம். சொல்லப்போனால் அவள் ஒரு நாளைக்குச் சாப்பிடுவதில் முக்கால்வாசி மாவுச்சத்து. பருப்பு எப்போதாவது. முட்டை வாரம் ஒன்று.

இந்த மலையின் பழைய சாப்பாடு வேறு. வெள்ளப்பெருஞ்சாமை, கட்டவெட்டிச்சாமை, மல்லியச்சாமை, திரிகுலாசாமை என்று சாமையிலேயே எத்தனையோ ரகம் இங்கே விளைந்தது. அப்புறம் கேழ்வரகு, தினை, பனிவரகு. சேலம், நாமக்கல் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குக் குச்சிக்கிழங்கு தேவைப்பட்டது, கையில் காசு வந்தது, சாமைக்காடு கிழங்குக்காடாகியது. கிழங்கு போட்டவர்களைக் குறை சொல்ல நான் யார்? உரலில் சாமை குத்துவது என்ன பாடு என்று அம்மாயியிடம் கேட்டால் கையை நீட்டிக் காய்ப்பைக் காட்டுவார். அதையெல்லாம் யோசித்துத்தான் சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்கே பழைய ரகங்களைச் சேகரித்ததோடு நிற்காமல், உமி நீக்கும் மெஷினையும் ஊருக்குள் கொண்டுவந்தது.

ஆனால் ஒன்று. சாமை சாப்பிட்டால் சுகர் வராது என்று வாட்ஸப்பில் சுற்றுகிற வேதத்தை நான் நம்பவில்லை. சாமையும் மாவுச்சத்துதான். தவிட்டோடு இருக்கிற சாமையைச் சோறாக்கி, அளவாக, கீரையும் பருப்பும் நிறையப் போட்டுச் சாப்பிடுவது ஒன்று. வெள்ளை வெளேரென்று தீட்டி, மாவாக அரைத்து, கூழாகக் காய்ச்சி மூணு டம்ளர் குடிப்பது வேறொன்று. இரண்டாவது சர்க்கரையை வேகமாகத்தான் ஏற்றும். அரைக்க அரைக்கச் செரிப்பதும் சுலபம், ஏறுவதும் சுலபம்.

நானும் நர்ஸம்மாவும் அம்மாயியும் உட்கார்ந்து போட்ட ஏற்பாடு இது: மதியம் சாமைச்சோறு ஒரு கரண்டி குறைவாக, கீரை ஒரு கரண்டி அதிகமாக. தினம் ஒரு முட்டை. ராத்திரிச் சோறு பாதி, அவரைப் பருப்பு மீதி. கிழங்கு என்றால் சோறு கிடையாது, சோறு என்றால் கிழங்கு கிடையாது. மூணு வேளையை ஆறாகப் பிரித்துக் கொஞ்சம் கொஞ்சமாக. குறைத்துச் சாப்பிடு என்று மட்டும் யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதில் நர்ஸம்மா கறாராக இருந்தார். இவளுக்கு எடையும் ஏற வேண்டும், சர்க்கரையும் இறங்க வேண்டும். கயிற்று மேல் நடப்பது. புனேயில் பச்சைக்கீரையும் பழமும் பாலும் எடுத்துக்கொண்ட தாய்மாரின் குழந்தைகள் கொஞ்சம் பெரிசாகப் பிறந்தன என்பதையும் சொன்னேன். "படிச்சவங்க புனேயில கண்டுபிடிச்சாங்களாக்கும்" என்றார் அம்மாயி.

பலாச்சுளைக்குத்தான் பெரிய பேரம் நடந்தது. பத்தில் ஆரம்பித்து, கடைசியில் சாப்பாட்டோடு சேர்க்காமல் தனியாக இரண்டு என்று முடிந்தது. அவள் சாப்பிட்டது இரண்டுதானா என்று அந்தப் பலாமரத்துக்குத்தான் வெளிச்சம்.

இரண்டு வாரம் கழித்து 114. அதற்கப்புறமும் 120ஐத் தாண்டவில்லை. மாத்திரைக்குப் போக வேண்டியிருக்கவில்லை. போயிருந்தாலும் அதில் தோல்வி ஒன்றும் இல்லை. சாப்பாட்டால் மட்டும் அடங்காதவர்கள் உண்டு, அது அவர்கள் நாக்கின் குற்றமல்ல.

இதற்கெல்லாம் பலன் உண்டா என்று கேட்பவர்களுக்கு ஒரு எண். அமெரிக்காவில் 958 கர்ப்பிணிகளை வைத்து நடந்த பரிசோதனை, 2009ல் வெளியானது. லேசான சர்க்கரை இருந்தவர்கள் மட்டும். ஒரு பாதிக்குச் சாப்பாட்டு முறையும் தேவைப்பட்டால் இன்சுலினும். மறு பாதிக்கு வழக்கமான கவனிப்பு. வைத்தியம் பெற்ற தாய்மாரின் குழந்தைகளுக்குக் கொழுப்பு சராசரியாக 427 கிராம், மற்றவர்களுக்கு 464. வித்தியாசம் 37 கிராம். இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் தோள் மாட்டிக்கொள்வது நூற்றுக்கு நாலிலிருந்து ஒன்றரையாக இறங்கியது. அந்த நாலில் ஒன்றாக இருந்தவனின் அம்மாவிடம் 37 கிராம் சின்னதா என்று கேட்காதீர்கள்.

*

செப்டம்பரில் பெண் குழந்தை பிறந்தது. சுகப்பிரசவம். 2.8 கிலோ.

"சின்னதா இருக்குதே" என்றார்கள் வந்தவர்கள். "கன்னமே இல்லையே." ஒரு சொந்தக்காரர் சேனை வைக்கச் சர்க்கரைத் தண்ணீரும் பஞ்சுமாகத் தயாராக வந்துவிட்டார். நல்ல மனசு உள்ள பெரியவர் கையால் முதல் இனிப்பு தொட்டு வைத்தால் அந்தக் குணம் குழந்தைக்கு வரும் என்பது நம்பிக்கை. நம்பிக்கையில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் இந்தக் குழந்தைக்கு முதல் ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் போக வேண்டும், குதிகாலில் குத்திச் சர்க்கரை 45க்குக் கீழே இறங்காமல் பார்க்க வேண்டும். அம்மாயி ஒரே வார்த்தையில் முடித்தார்: "அவ அம்மாவ விட நல்ல மனசு யாருக்குடா இருக்குது? அவளே வெக்கட்டும் சேனை."

பிறகு குழந்தையை வாங்கி, எடைக்கெல்லாம் கவலைப்படாமல், தொடையையும் கையையும் மெல்ல அமுக்கிப் பார்த்தார். சந்தையில் பழம் தட்டுகிற அதே முகம்.

நவம்பரில் மறுபடியும் போனோம், இந்தத் தடவை வெறும் வயிற்றோடு. பிரசவத்துக்கு ஆறு வாரம் கழித்துச் செய்கிற டெஸ்டுக்கு அந்தச் சலுகை கிடையாது. வெறும் வயிற்றில் 94, குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரத்தில் 131. விருந்தாளி போய்விட்டார். வருஷம் ஒரு தடவை பார்க்கச் சொல்லி அனுப்பினார்கள். வந்த வழியை மறக்காத விருந்தாளி அது.

பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது அவளிடம் மைசூர் விஷயத்தைச் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அங்கே ஹோல்ட்ஸ்வர்த் மெமோரியல் மருத்துவமனையில் 1997, 98ல் பிறந்த குழந்தைகளைத் தொடர்ந்து அளந்தார்கள். சர்க்கரை இருந்த தாய்மாரின் குழந்தைகள் பிறக்கும்போது பெரிசு. ஒரு வயதில் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. ஐந்து வயதில் திரும்பி வந்தது, அதிலும் பெண் குழந்தைகளுக்கு: தோலடிக் கொழுப்பு கூடுதல், இன்சுலினும் கூடுதல். பெண் குழந்தைகளுக்கு ஏன் என்று யோசித்தால் எனக்குத் தூக்கம் வராது. அவர்கள்தான் நாளைக்கு அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து அந்தத் தண்ணீரைக் குடிக்கப்போகிறவர்கள்.

நான் சொல்வதற்கு முன்னால் அவளே கேட்டாள், மடியில் தூங்குகிற பிள்ளையின் நெற்றியைத் துடைத்துக்கொண்டு. "எனக்கு வருஷம் ஒருக்கா பாக்கணும்னு சொன்னாங்க. இவளுக்கு எப்பயிருந்து டீச்சர் பாக்கணும்?"

செம்மேட்டுப் பக்கமிருந்து மினி பஸ் வந்துவிட்டது. ஏறி உட்கார்ந்து, மைசூரிலிருந்து ஆரம்பித்தேன்.